காது குத்துக்குக் கடனா?

‘‘இவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் நிக்காது சார். கையில காசு வந்தா முதல்ல செல்ஃபோன். அப்புறம் பிரியாணி. மிச்சம் இருந்தா காது குத்து. பீஸ் கட்டணும், மருந்து வாங்கணும்னா மட்டும் நம்மகிட்ட வந்து நிப்பாங்க.’’

தாம்பரத்தில் ஏறி பீச்சில் இறங்குவதற்குள் இந்த வசனம் காதில் விழாமல் மின்சார ரயிலில் பயணம் செய்வது கஷ்டம். சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பக்கம் எந்த அபார்ட்மென்ட் வாசலில் நாலு பேர் கூடினாலும் இது வரும். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தீபாவளிக்கு வேலைக்கார அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிற நல்ல மனுஷர்கள்தான். ஆனாலும் ஏழைக்குச் செலவு பண்ணத் தெரியாது என்பதில் அவர்களுக்குத் துளி சந்தேகமும் கிடையாது.

எனக்கு இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்? முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் மேடவாக்கத்திலும் நமக்கு வீடு கட்டி, பாத்திரம் தேய்த்து, தண்ணீர் கேன் தூக்கிப் போடுகிறவர்களை. இவர்களில் கணிசமானவர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம், புதுக்கோட்டை என்று எங்கேயோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள். வாடகை இங்கே. ரேஷன் கார்டும் பாட்டியும் அங்கே. இங்கே வருகிற சம்பளத்தில் ஒரு பங்கு மாசாமாசம் அங்கே போகும். நாம் பார்ப்பது இந்தக் குடும்பக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும். அதை வைத்துத்தான் தீர்ப்பு எழுதுகிறோம்.

தீர்ப்பு ஒன்றும் புதுசு இல்லை. 1875 மே மாதம், புனே ஜில்லாவில் சுபா என்ற ஊரில் விவசாயிகள் வட்டிக்கடைக்காரர்களின் வீடு புகுந்து, கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் எடுத்துக் கொளுத்தினார்கள். கலவரம் ஊர் ஊராகப் பரவியது. வெள்ளைக்கார அதிகாரிகள் பலருக்குக் கைவசம் ஒரு ரெடிமேட் காரணம் இருந்தது. ‘இந்த ஆட்கள் கல்யாணத்திலும் திருவிழாவிலும் காசைக் கரைக்கிறார்கள், அதனால் கடனாளி ஆகிறார்கள்.’ விசாரிப்பதற்கு அரசு ஓர் ஆணையம் போட்டது. கணக்குகளைப் புரட்டிப் பார்த்த ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? விவசாயியின் கடனுக்குக் காரணம் கல்யாணச் செலவு என்பதற்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் கொடுத்துவிட்டார்கள் என்று. சொன்னது புரட்சிக்காரர் யாரும் இல்லை, பிரிட்டிஷ் அரசின் சொந்த ஆணையம். அதற்கப்புறம் சுமார் 150 வருஷம் ஓடிவிட்டது. நாம் இன்னும் ஆணையத்துக்கு முந்தைய காலத்திலேயே இருக்கிறோம்.

நான் பி.காம். படித்தவன். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை என்றாலும், வட்டிக் கணக்கு மட்டும் மறக்கவில்லை. அதனால் முதலில் தண்டலைப் பார்த்துவிடலாம்.

தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி விற்கிற அம்மாக்களைக் கேளுங்கள், தண்டல் என்றால் என்ன என்று விலாவாரியாகச் சொல்வார்கள். பத்தாயிரம் ரூபாய் கடன். முதலிலேயே ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் கொடுப்பார்கள். சில இடங்களில் எட்டாயிரத்து ஐந்நூறுதான். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரம், பத்து பர்சென்ட்தானே’ என்று தோன்றும். இல்லை. அந்த ஒன்பதாயிரம் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. மறுநாளே நூறு திரும்பிப் போக ஆரம்பித்துவிடுகிறது. சராசரியாக உங்கள் கையில் தங்குவது அதில் பாதிதான். வருஷத்துக்கு என்று கணக்குப் போட்டால் வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். எட்டாயிரத்து ஐந்நூறு வாங்கியவருக்கு 100 சதவீதத்துக்கும் மேலே.

நமக்கு வீட்டுக் கடன் எட்டு, ஒன்பது சதவீதத்தில் கிடைக்கிறது. அதற்கே ‘ரேட்டை ஏத்திட்டான் சார்’ என்று பேங்க் மேனேஜரைத் திட்டுகிறோம். அந்த வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை வருமான வரிக் கணக்கில் கழித்தும் வந்தோம். அதை இலவசம் என்று யாராவது சொன்னார்களா? சொன்னால் விட்டிருப்போமா?

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. ஏழைகள் சேமிப்பதற்கும் காசு கொடுக்கிறார்கள். விஜயவாடா சேரிப் பகுதிகளில் ஒரு பெண்மணி வீடு வீடாகப் போய்ச் சேமிப்புப் பணம் வசூலித்ததை ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு என்ற ஆய்வாளர் 2000-ல் வெளிவந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தினம் 5 ரூபாய், 220 நாள். மொத்தம் 1,100. கடைசியில் அவர் திருப்பிக் கொடுப்பது 1,000. நூறு ரூபாய் அவருடைய கூலி. வட்டியே இல்லை, முதலிலும் குறைவு! ஆனாலும் பெண்கள் க்யூவில் நின்றார்கள். ஏன்? பணம் வீட்டில் இருந்தால் புருஷன் எடுப்பான், மைத்துனன் கேட்பான், பிள்ளைக்கு ஜுரம் வரும். வீட்டுக்கு வெளியே பத்திரமாக வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு அவர்கள் வாடகை கொடுத்தார்கள். நம் ஊர் தீபாவளிச் சீட்டும் பலகாரச் சீட்டும் இதே கதைதான்.

இப்போது நம்மைப் பார்ப்போம். ‘நான் சிக்கனமா இருந்து சேர்த்தேன்’ என்று ரிட்டயர் ஆனவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதில் பெரிய பங்கு பி.எஃப். பணமாக இருக்கும். அதை அவரா சேர்த்தார்? சம்பளம் கைக்கு வருமுன்பே கம்பெனி 12 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது. தன் பங்குக்கும் போட்டது. அரசாங்கம் வட்டி கொடுத்தது. நடுவில் எடுக்க வேண்டும் என்றால் ஆயிரம் ஃபார்ம். மனுஷன் செலவழிக்க நினைத்தாலும் முடியாது. அவருக்காக வேறு யாரோ சேர்த்து வைத்ததை அவர் தன்னுடைய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தினம் சாயங்காலம் கையில் கூலி வாங்குகிற சித்தாள், ஒவ்வொரு நாளும் தானே தன்னைப் பிடித்து நிறுத்த வேண்டும். வருஷம் 365 நாளும். நீங்களும் நானும் அந்தப் பரீட்சை எழுதியதே இல்லை.

சரி, காது குத்துக்கு வருவோம். பெரிய குற்றச்சாட்டு அதுதானே?

புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஜில்லாக்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் இல்லை, காது குத்து இல்லை, சும்மா விருந்து. கறிச் சோறு போடுவார்கள். ஊர் வந்து சாப்பிட்டு மொய் எழுதும். நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் ஏறும். லட்சக்கணக்கில் சேரும். சேர்ந்த பணத்தில் போர் போடுவார்கள், பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்ப்பார்கள், கடை வைப்பார்கள். பிறகு சில வருஷங்களில், எழுதியவர்கள் தங்கள் முறைக்கு விருந்து வைக்கும்போது இவர் திருப்பி எழுத வேண்டும். வட்டி கிடையாது. ஜாமீன் கிடையாது. நோட்டும் மானமும்தான் ஜாமீன்.

வெளியூர்க்காரர்கள் இதை ஏதோ வேடிக்கை என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். கணக்குத் தெரிந்தவன் பார்த்தால் இது ஒரு பேங்க் என்று சொல்லிவிடுவான். காது குத்தும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு குடும்பம் 80 ஆயிரம் செலவழித்துக் காது குத்துகிறது, மொய் ஒரு லட்சம் வருகிறது என்று வையுங்கள். பந்தலுக்கும் பிரியாணிக்கும் தண்டலில் வாங்கியிருந்தால்கூட மறுநாளே அடைத்துவிடலாம். மீதி 20 ஆயிரம் கையில். அந்த ஒரு லட்சத்தை இனி வருகிற பத்துப் பதினைந்து வருஷத்தில், மற்றவர்கள் வீட்டு விசேஷங்களில் ஐந்நூறும் ஆயிரமுமாகத் திருப்பினால் போதும். எழுபத்தைந்து சதவீத வட்டியில் வாழ்கிறவருக்கு வட்டியில்லாத கடன்! இதைப் போய் ஊதாரித்தனம் என்றால் எந்த பேலன்ஸ் ஷீட்டில் எழுதுவது?

இன்னொன்று. தாய்மாமன் போடுகிற அந்த அரை சவரன் கம்மல். அது நகை மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் கம்மல் அடகுக்குப் போகும். நகைக் கடன் வட்டி தண்டலில் கால்வாசிகூட வராது. ஏழைக்குக் கிடைக்கிற மலிவான கடனுக்கு அந்தக் கம்மல்தான் சாவி. அதைப் பெண்ணின் காதில் மாட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லா விசேஷமும் லாபத்தில் முடிகிறது என்று சொல்ல வரவில்லை. மொய் குறைந்து மூழ்கிப்போனவர்கள் உண்டு. திருப்பி எழுத முடியாமல் ஊர்ப் பக்கமே போகாதவர்கள் உண்டு. வயதுக்கு வந்த பெண்ணின் படத்தைத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் அது பெண்ணின் மரியாதையைப் பற்றிய வேறு சண்டை. ‘காசைக் கரைக்கிறார்கள்’ என்பது பொருளாதாரக் குற்றச்சாட்டு. அதற்குப் பொருளாதாரத்தில்தான் பதில்.

இது தமிழனின் தனிக் குணம் என்று பெருமைப்படவும் வேண்டாம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ இருவரும் ராஜஸ்தானில் உதய்ப்பூர் பகுதிக் கிராமங்களில் பரம ஏழைக் குடும்பங்களின் செலவைக் கணக்கெடுத்தார்கள். வருஷச் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கு திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் போயிருந்தது. இவர்கள் இருவரும் பின்னால், 2019-ல், மைக்கேல் க்ரீமரோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்கள். 2011-ல் வந்த இவர்கள் புத்தகத்தில் மொராக்கோ நாட்டுக் கிராமத்து மனிதர் ஒருவர் வருகிறார். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, சாப்பாடு வாங்குவேன் என்றார். ஆனால் அவர் வீட்டில் டி.வி. இருந்தது, டிஷ் இருந்தது, டி.வி.டி. பிளேயரும் இருந்தது. சாப்பாடே பத்தாதபோது இது எதற்கு என்று கேட்டார்கள். சாப்பாட்டைவிட டி.வி. முக்கியம் என்று சிரித்தாராம்.

நம்ம ரயில் நண்பர்கள் இதைக் கேட்டால் ‘பார்த்தீங்களா!’ என்று தொடையைத் தட்டுவார்கள். பொறுங்கள். அந்த வருஷம் அவருக்குக் கிடைத்தது எழுபது நாள் வயல் வேலை, முப்பது நாள் கட்டட வேலை. மிச்ச நாளெல்லாம் அந்தப் பொட்டல் கிராமத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சினிமா கிடையாது, போவதற்கு இடம் கிடையாது. வேலையில்லாத இருநூற்றுச் சொச்சம் நாளை நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு தள்ளுவீர்களா?

தமிழ்நாட்டில் 2006-ல் கலர் டி.வி. வாக்குறுதி வந்தபோது ‘சோத்துக்கு இல்லாதவனுக்கு டி.வி.யா?’ என்று கேட்காத படித்தவர் இல்லை. கேட்டவர்கள் வீட்டில் அநேகமாக டி.வி. இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது தேர்தல் ஊழல் ஆகாது என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. அரசாங்கக் காசில் டி.வி. கொடுக்கலாமா என்பது நியாயமான விவாதம். எனக்கே அதில் இரண்டு மனசு. ஆனால் ‘ஏழைக்குப் பொழுதுபோக்கு எதற்கு’ என்பது விவாதம் இல்லை, திமிர்.

செல்ஃபோன் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆதாருக்கு ஓ.டி.பி. எங்கே வருகிறது? 2020-ல் ஸ்கூலை மூடி ஆன்லைன் வகுப்பு நடத்தியபோது பாடம் எதில் வந்தது? ‘இன்னிக்குக் கெஸ்ட் வர்றாங்க, கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்மா’ என்று காலை ஆறு மணிக்கு நீங்கள் எதில் கூப்பிடுகிறீர்கள்?

ஏழைகளின் செலவை முடிவு பண்ணுகிறவர்கள் ஏழைகள் மட்டும்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து எத்தனையோ குடும்பங்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். வீட்டு வேலை, கடை வேலை, ஸ்கூல் எல்லாம் பழைய இடத்தில், இருபது கிலோமீட்டருக்கு அப்பால். நேற்று வரை நடந்து போன வேலைக்கு இன்றிலிருந்து இரண்டு பஸ். அந்தக் குடும்ப பட்ஜெட்டில் பஸ் காசு என்ற புதுத் தலைப்பைச் சேர்த்தது அந்த அம்மா இல்லை, அரசாங்கம். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. நமக்கு அது ஒரு ஹோட்டல் பில். அதற்கும் நாம் வைத்த பெயர் ‘ஓசி’. ஓர் அமைச்சரே 2022-ல் மேடையில் அப்படிப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

‘எல்லாம் சரி, டாஸ்மாக்?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 2023-24-ல் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடிக்கு மேல். அதில் நம் காம்பவுண்டுக்குள் மூடிய கதவுக்குப் பின்னால் குடிக்கிறவர்கள் பங்கும் உண்டு என்றாலும், கூலிக்காரர் காசுதான் குடும்பத்தை நேராக அடிக்கிறது. இதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் குடித்தவர் யார், திட்டு வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். ‘குடும்பம்’ என்பது ஒரே பர்ஸ் இல்லை. அவன் குடித்த காசுக்கும் அவள் சீட்டுக் கட்டிய காசுக்கும் சேர்த்து ‘இவங்க’ என்று ஒரே பெயர் வைக்கிறோம். 2023 செப்டம்பர் 15-ம் தேதி காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஆயிரம் ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்கே போனது. ‘எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்’ என்று அன்றைக்கே ஜோசியம் சொன்னார்கள். ஏழைக்குக் கையில் காசு கொடுத்தால் குடி கூடுகிறதா என்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளை உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் 2014-ல் தொகுத்துப் பார்த்தார்கள். கூடவில்லை. சில இடங்களில் குறைந்தே இருந்தது. கென்யாவில் கூரை வீட்டுக் கிராமத்தவர்களுக்கு நிபந்தனை இல்லாமல் பணம் கொடுத்தபோது நிறையப் பேர் செய்தது என்ன தெரியுமா? கூரையைப் பிரித்துத் தகரம் போட்டார்கள். ஆடு மாடு வாங்கினார்கள். யாரும் பாடம் எடுக்கவில்லை.

அப்படியானால் செலவு பண்ணத் தெரிந்தவர்கள் யார்? நாமா? தொண்ணூறுகளில் தேக்கு மரத்தில் பணம் போட்டோம். மரம் வளரவில்லை, கம்பெனிக்காரர்கள் வளர்ந்தார்கள். அப்புறம் ஈமு கோழி. நாலு ஈமுவை வளர்த்தால் மாசாமாசம் சம்பளம் மாதிரி வரும் என்றார்கள், நம்பினோம். 2012-ல் கோழிக்குத் தீனி போடக்கூட ஆள் இல்லாமல் ஓடிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து ஆருத்ரா. லட்ச ரூபாய் போட்டால் மாதம் 25, 30 ஆயிரம் வட்டி என்ற பேச்சை நம்பிச் சுமார் ஒரு லட்சம் பேர் 2,400 கோடிக்கு மேல் கட்டியிருந்தார்கள் என்பது வழக்கு. கையில் லட்சம் லட்சமாக வைத்திருந்தவர்கள்தானே அதைக் கட்ட முடியும்? நம்ம ஆட்கள் ஏமாந்தால் அதற்குப் பெயர் பொருளாதாரக் குற்றம், தனி போலீஸ் பிரிவு உண்டு. அவர்கள் கடன்பட்டால் பெயர் ஊதாரித்தனம்.

ஏழைகளின் செலவைக் கிண்டல் பண்ணாமல் மரியாதையாகப் படித்தவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான், வியாபாரிகள். பாட்டில் வாங்கக் காசில்லாதவரும் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொள்ள ஆசைப்படுவார் என்பதைக் கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பம் புரிந்துகொண்டது. சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றது, ஜெயித்தது. பேங்க்குகள் அந்த அளவுக்கு யோசித்திருந்தால் தண்டல்காரர் எப்போதோ வேறு தொழிலுக்குப் போயிருப்பார்.

நம் கைக்கு எட்டுகிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் லீவுக்கு ஊட்டியோ சொந்த ஊரோ போகிறோம். பத்து நாள் வீடு பூட்டியிருக்கும். திரும்பி வந்து வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கும்போது, ‘அந்தப் பத்து நாள்தான் நீ வரலையே’ என்று பிடித்துக்கொள்கிற வீடுகள் இந்தப் பகுதியில் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். வேலை இல்லை என்று முடிவு பண்ணியது நாம். சம்பளம் போவது அவருக்கு. அந்தப் பத்து நாளும் தண்டல்காரர் தினம் சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருப்பார். பாதித் தண்டல் கதைகளின் முதல் அத்தியாயம் இப்படி ஏதாவது ஒரு மே மாதத்தில்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-ல் நல வாரியம் வந்தது. 2018-ல் அரசு குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தது. மணிக்கு நாற்பது ரூபாய்கூட எட்டாத கூலி. அதைக்கூட எத்தனை வீடுகளில் கணக்குப் பார்த்தார்கள்? வாரியத்தில் பதிவு செய்துகொள்ளம்மா என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? ஃபார்ம் பூர்த்தி பண்ணிக் கொடுக்க அரை மணி நேரம் போதும்.

அடுத்த மே மாதம் பெட்டி கட்டும்போது, அந்தப் பத்து நாள் சம்பளத்தையும் முன்னாலேயே எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அவர் அதில் பிள்ளைகளுக்கு சிக்கன் வாங்கட்டும், அடகில் இருக்கிற கம்மலை மீட்கட்டும், யார் வீட்டுக் காது குத்துக்காவது மொய் எழுதட்டும். திரும்பி வந்து என்ன பண்ணினாய் என்று கேட்காதீர்கள்.